அடுத்த கோச் யார்? 27 புள்ளிகள் சொல்லும் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஒரு டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் அரசியல் பேசக்கூடாது என்று விதி வைத்தோம். அந்த இடத்தைக் கால்பந்து பிடித்துக்கொண்டது. சென்னையின் எஃப்.சி. ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அதே கேள்விதான்: அடுத்த கோச் யார்? ஒருவர் "பெரிய ஐரோப்பியப் பெயர் வேண்டும்" என்கிறார். இன்னொருவர் "நம்ம ஆளைப் போடுங்க, மொழியாவது புரியும்" என்கிறார். மூன்றாமவர் "பழைய கோச்சையே திரும்பக் கூப்பிடுங்க" என்கிறார். போன தடவை வாக்குவாதம் முற்றி இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்! என் அக்கா மகன் தனியாகப் போன் செய்து, "மாமா, நீங்க ஹிஸ்டரி வாத்தியார்தானே, நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க" என்றான்.

வரலாற்று வாத்தியார் தீர்ப்பு சொல்லமாட்டார். முதலில் காலவரிசையைப் போர்டில் எழுதுவார். எழுதிவிடுகிறேன்.

2014. ஐ.எஸ்.எல். தொடங்கிய ஆண்டு. சென்னையின் முதல் கோச் இத்தாலியின் மார்கோ மாட்டராட்ஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் தலையால் முட்டு வாங்கினாரே, அவரேதான். அந்த ஆட்டத்தில் இத்தாலியின் கோலை அடித்தவரும் அவர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுவோம். அவருடைய முதல் ஆண்டில் அணி லீக் அட்டவணையில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோற்றது.

2015 நமக்கு மறக்கவே முடியாத ஆண்டு. நவம்பரில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. அந்த சீசனில் லீக் சுற்று முடியச் சில ஆட்டங்களே இருந்தபோது அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. "கோச்சை மாற்று" என்ற குரல் அப்போதே கேட்டது. மாற்றவில்லை. அணி வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. வெள்ளத்தால் சொந்த மைதானத்தில் ஆட முடியாமல், அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3–0 என்று வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 87ஆம் நிமிடத்தில் 1–2 என்று பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடங்களில் எதிரணிக் கோல்கீப்பரின் சுய கோல் ஒன்று, மெண்டோசாவின் கோல் ஒன்று. 3–2. கோப்பை சென்னைக்கு வந்தது.

அடுத்த ஆண்டு, 2016இல், அதே மாட்டராட்ஸியின் கீழ் எட்டு அணிகளில் 7ஆம் இடம். அத்தோடு அவர் காலம் முடிந்தது.

2017இல் இங்கிலாந்தின் ஜான் கிரெகரி வந்தார். ஒரு காலத்தில் ஆஸ்டன் வில்லாவின் மேனேஜராக இருந்தவர். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவை அவர்களுடைய மைதானத்திலேயே 3–2 என்று வென்று இரண்டாவது கோப்பை. மெயில்சன் ஆல்வெஸ் தலையால் அடித்த இரண்டு கோல்களை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அரையிறுதியில் சென்னைப் பையன் தனபால் கணேஷும் ஒரு கோல் அடித்திருந்தார்.

அடுத்த சீசனில் அதே கிரெகரி, ஏறக்குறைய அதே அணி. 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி. கடைசி இடம். கணேஷ் முழங்கால் காயத்தால் ஆடவே இல்லை. சாம்பியன் ஒரே ஆண்டில் அடிமட்டத்துக்கு வந்தது. கோச்சின் மூளை ஒரு வருடத்தில் மழுங்கிவிடுமா? யோசித்துப் பாருங்கள்.

இது நம்மூரில் மட்டும் நடக்கும் கூத்தும் இல்லை. இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி 2016இல் யாருமே எதிர்பாராமல் லீக் கோப்பையை வென்றது. வென்று கொடுத்த கிளாடியோ ரனியேரியை 2017 பிப்ரவரியில், அதாவது ஒன்பதே மாதத்தில், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சென்னை நிர்வாகம் கிரெகரியை உடனே அனுப்பவில்லை. 2019–20 சீசனையும் அவரிடமே கொடுத்தது. முதல் 6 ஆட்டங்களில் 5 புள்ளிகள்தான். நவம்பர் கடைசியில் அவர் விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் கோய்ல் வந்தார். இவர் பர்ன்லி அணியை 2009இல் பிரீமியர் லீகுக்கு உயர்த்தியவர். மீதி 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள். அதே வீரர்கள்தான். வால்ஸ்கிஸ் கோலாகக் குவித்தார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத கோவா மைதானத்தில், இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் 1–3 என்று தோற்றோம்.

"பார்த்தீர்களா சார், கோச் மாறினால் எல்லாம் மாறும்!" என்று குழுவில் எழுதுபவர்கள் எப்போதும் காட்டும் சாட்சி இந்த 12 ஆட்டங்கள்தான். நல்ல சாட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சாட்சியோடு வழக்கை முடிக்கக்கூடாது.

கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் போனார். 2021–22இல் கோய்ல் அங்கே லீக் ஷீல்டை வென்றார். இங்கே மூன்று சீசன்களில் மூன்று பேர் வந்தார்கள். ஹங்கேரிக் குடும்பத்தைச் சேர்ந்த சாபா லாஸ்லோ: 20 ஆட்டங்களில் 17 கோல்கள், 11 டிரா, 8ஆம் இடம். அடுத்து மாண்டினீக்ரோவின் போஸிதார் பாண்டோவிச். தாய்லாந்தில் புரிராம் அணியோடு லீகை வென்றவர். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0–5 என்று தோற்றதும் அவர் அனுப்பப்பட்டார். மீதி ஆட்டங்களை நம் சையத் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். மறுபடியும் 8ஆம் இடம். பிறகு ஜெர்மனியின் முன்னாள் தேசிய வீரர் தாமஸ் பிரடாரிச். அவருக்கும் 8ஆம் இடம். மூன்று நாடுகள், மூன்று பள்ளிகள், மூன்று விதமான ஆட்டம். இடம் மட்டும் ஒன்றே.

2023இல் கோய்லைத் திரும்ப அழைத்து வந்தார்கள். "பழைய கோச்சையே கூப்பிடுங்க" கட்சிக்காரர்களின் ஆசை நிறைவேறியது. முதல் ஆண்டு 6ஆம் இடம், பிளே–ஆஃப் வாய்ப்பு. இரண்டாம் ஆண்டு 13 அணிகளில் 11ஆம் இடம். 2025 ஜூலையில் அவர் விலகினார்.

இப்போது போர்டில் ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போடுகிறேன். பிரடாரிச்சின் 2022–23 சீசனில் அணி எடுத்த புள்ளிகள் 27. கோய்லின் 2023–24இல் 27. 2024–25இலும் 27.

மூன்று ஆண்டு, இரண்டு கோச், அதே 27! முதல் ஆண்டு 20 ஆட்டங்களில் 27 என்பதால் 8ஆம் இடம். அடுத்து 22 ஆட்டங்களில் 27, ஆனால் மற்றவர்கள் சறுக்கியதால் 6ஆம் இடம். அதை "முன்னேற்றம்" என்று கொண்டாடினோம். அதற்கடுத்து 24 ஆட்டங்களில் 27, 11ஆம் இடம், "கோய்ல் ஒழிக" என்றோம். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பாருங்கள்: 1.35, 1.23, 1.13. அணி மூன்று வருடமும் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. நடுவில் அட்டவணையில் ஏறியதால் அது நம் கண்ணில் படவில்லை. முழு ஆண்டுத் தேர்வில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு ரேங்கை மட்டும் பார்க்கும் பெற்றோர் மாதிரி நாமும் இருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். புதுத் தலைமையாசிரியர் வந்த முதல் மூன்று மாதம் மணி சரியாக அடிக்கும், வராண்டா சுத்தமாகும், ஆசிரியர்கள் வகுப்புக்கு நேரத்தில் போவார்கள். அந்தத் துடிப்பு உண்மையானது. கோய்லின் முதல் 12 ஆட்டங்களில் அதுவும் ஒரு பங்கு என்று நினைக்கிறேன். ஆனால் எட்டாம் வகுப்பு வரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் எந்தத் தலைமையாசிரியரும் ஒரே ஆண்டில் தேற்றிவிட முடியாது. கீழ் வகுப்பில் யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும் அந்தத் தேர்ச்சி விகிதத்தில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். "மேனேஜர்" என்ற சொல்லை இங்கிலாந்து டிவியைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்டோம். அங்கே மேனேஜர் என்றால் வீரர்களை வாங்குவது, விற்பது, சிறுவர் அணியைக் கவனிப்பது வரை அவர் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் பொறுப்பேற்றார். முதல் கோப்பை 1990இல்தான் வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் "போதும், போய் வா" என்று ரசிகர்கள் பேனரே பிடித்தார்கள். நிர்வாகம் பொறுத்தது. 2013 வரை அவர் இருந்தார். அவருக்குப் பிறகு மொய்ஸ், வான் ஹால், மொரீன்யோ, சோல்ஷர், டென் ஹாக், அமோரிம் என்று அந்தப் பணக்கார கிளப்பே ஆள் மாற்றி ஆள் மாற்றிப் பார்த்துவிட்டது. நம் ஐ.எஸ்.எல்.லில் கோச்சுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு சீசன். எந்த வீரரை எடுப்பது, எவ்வளவு செலவழிப்பது என்பதில் கடைசிச் சொல் பெரும்பாலும் நிர்வாகத்தினுடையது. திட்டு மட்டும் கோச்சுக்கு.

சரி, "நம்ம ஆள்" கட்சிக்கு வருகிறேன். என் மனசும் அந்தப் பக்கம் சாயும், அதற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம். "மைதான்" படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் தயாரித்த இந்திய அணி 1951 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றார்கள். இன்றைய குழுவாக இருந்தால் அந்த ராத்திரியே அவருக்கு வழியனுப்பு விழா நடந்திருக்கும்! அதே ரஹீமின் அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 4ஆம் இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2–1 என்று வென்று மறுபடியும் தங்கம். புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதைச் செய்து முடித்தார். 1963 ஜூனில் காலமானார். தோல்விக்குப் பிறகும் கிடைத்த காலம்தான் அவரை நாம் இன்று கொண்டாடும் ரஹீமாக்கியது.

ஆகவே இந்தியக் கோச்சால் முடியாது என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. காலித் ஜமீல் 2017இல் சின்னஞ்சிறு ஐஸ்வால் அணியோடு ஐ–லீகை வென்றார். கிளிஃபர்ட் மிராண்டா 2023இல் ஒடிசாவோடு சூப்பர் கோப்பையை வென்றார். அவரைத்தான் 2025இல் சென்னை நிர்வாகம் கோச்சாக நியமித்தது. ஆனால் இந்தியர் என்பதும் மந்திரம் இல்லை. அதே காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் தேசிய அணியின் கோச்சானார். அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு கைநழுவியது. அவர் வருவதற்கு முன்பே தொடங்கிய சறுக்கல் அது. பாதியில் வந்தவர் தலையில் முழுப் பழியையும் ஏற்றுவது நியாயமா?

தமிழ்நாட்டிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2018–19இல் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ–லீக் சாம்பியன் ஆனது. கோச் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெரிய பெயர் இல்லை, பெரிய செலவும் இல்லை. ஸ்பெயின் வீரர்களோடு எட்வின் வன்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு வீரர்களைச் சேர்த்து ஆடிய அழகான அணி. இதைவிடச் சரியான கோச் தேர்வு நம் மாநிலத்தில் நடந்ததில்லை என்பேன். ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்தக் கிளப் தேசிய அளவில் காணாமல் போய்விட்டது. கோச் தேர்வு சரியாக இருந்தது, கிளப்தான் நிற்கவில்லை.

2025இல் நமக்கும் அந்தப் பயம் வந்ததே, நினைவிருக்கிறதா? நம் குழுவில் கோய்லுக்குப் பதில் யார் என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. அதே ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டமைப்புக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்கவில்லை என்பது காரணம். ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்தியது. லீக் 2026 பிப்ரவரியில்தான், அதுவும் சுருக்கப்பட்ட வடிவில், தொடங்கியது. மாப்பிள்ளைத் தோழன் யார் என்று நாம் அடித்துக்கொண்டிருந்தோம். கல்யாணமே நின்றுபோகும் நிலை.

இனி நம்மூருக்கு வருகிறேன்.

சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பில் வீராணம் ஏரியைப் பற்றி நான் சொன்னது நினைவிருக்கும். பராந்தக சோழன் காலத்து ஏரி. வீரநாராயணன் என்ற அவன் பெயரால் வந்தது. சோழர் போனார்கள், பாண்டியர் வந்தார்கள், விஜயநகரம், நவாப், கம்பெனி, வெள்ளைக்காரன், நாம். ஆயிரம் ஆண்டாக அந்த ஏரி காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக்கு நெல் கொடுக்கிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வரவேண்டும், கரை உடையாமல் இருக்கவேண்டும், தூர் எடுக்கவேண்டும். இது மூன்றும் நடந்தால் எந்த ராஜா இருந்தாலும் நெல் விளையும். நடக்காவிட்டால் ராஜராஜனே திரும்பி வந்தாலும் விளையாது. பரீட்சையில் நீங்கள் ராஜாக்களின் பெயரைத்தான் மனப்பாடம் செய்தீர்கள். ஏரியைப் பற்றிய இரண்டு மதிப்பெண் கேள்வியைச் சாய்ஸில் விட்டீர்கள்!

கிளப்புக்கும் ஒரு ஏரி வேண்டும். 2021–22 முதல் ஐ.எஸ்.எல். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் ஆடலாம். மீதி ஏழு பேர் இந்தியர்கள். அந்த ஏழு பேர் பத்து வயதில் எங்கே ஆடினார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள், பதினைந்து வயதில் அவர்களுக்கு வருடத்துக்கு எத்தனை போட்டி கிடைத்தது? 27 புள்ளி 40 ஆவதும் ஆகாததும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நம் கடலூரில் கண்ணெதிரே நடந்திருக்கிறது. இந்தியப் பெண்கள் அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். முன்கள வீராங்கனை சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கம். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு அகாடமி 2018இல் இந்தியப் பெண்கள் லீகின் இறுதிச் சுற்றில் ஆடியது. அதே 2018 பிப்ரவரியில், பலமுறை சாம்பியனான மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாடு பெண்கள் அணி முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023இல் ஹரியானாவை வென்று மறுபடியும் சாம்பியன். இந்தப் பெண்களை யாரும் ஆறு மாதத்தில் உருவாக்கிவிடவில்லை. காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தைத் திறந்துவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டு, வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற கோச்சுகள் இருந்தார்கள். அவர்களுக்கு ரசிகர் மன்றம் கிடையாது. அவர்களை மாற்றச் சொல்லி யாரும் கூச்சல் போடவும் இல்லை. அதனால்தான் அவர்களுக்குக் காலம் கிடைத்தது போலும்.

அக்கா மகனே, தீர்ப்புக் கேட்டாய் அல்லவா? என் தீர்ப்பு இவ்வளவுதான். அடுத்த கோச் யாராக இருந்தாலும், இத்தாலிக்காரரோ கோவாக்காரரோ வியாசர்பாடிக்காரரோ, அவர் பெயர் அறிவிக்கப்படும் நாளில் நிர்வாகத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். இவருக்கு எத்தனை ஆண்டு கொடுக்கப்போகிறீர்கள்? வீரர்களைத் தேர்வு செய்வதில் இவர் சொல்லுக்கு எவ்வளவு இடம்? உங்கள் சிறுவர் அணிகளில் இந்த ஆண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று அமைப்பாகத் திரண்டிருக்கும் ரசிகர்கள் இதைக் கேட்டால் நிர்வாகம் காது கொடுக்கத்தான் வேண்டும். பதில் சரியாக இல்லையென்றால் அப்புறம் தாராளமாகச் சண்டை போடுங்கள், ஆனால் அவர்களோடு போடுங்கள். உங்களுக்குள் வேண்டாம்.

குழுவை விட்டுப் போன இருவரையும் இன்று நானே மறுபடி சேர்க்கிறேன். யாரும் பழையதைக் கிளறக்கூடாது.

இன்னொன்று. மஞ்சக்குப்பம் மைதானத்திலோ அண்ணா விளையாட்டரங்கத்திலோ சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் நடந்தால், ஊரில் இருப்பவர்கள் ஒரு அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். வெளியூரில் இருப்பவர்கள், பொங்கலுக்கு வரும்போது ஒரு பந்து வாங்கி வாருங்கள். படித்த பள்ளிக்கே கொடுத்துவிடலாம்.

27 புள்ளிக் கணக்கில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வகுத்துக் காட்டி எழுதவேண்டும்; பாதி மதிப்பெண் அதற்குத்தான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்